65 நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடின கதை

போன மாசம் சிங்கப்பூர் ஆபீஸ்ல, பைத்தான்ங்கற கணினி மொழில நான் எழுதின கோடுல ஒரு பக், அதாவது பிழை. காலைல பத்து மணிக்குப் போட்ட புக்கிங் 11:05னு காட்டுது, ஒண்ணு ரெண்டு இல்ல எல்லாமே கரெக்டா 65 நிமிஷம் தள்ளி.

நான் தேடினது "பைத்தான் டைம் ஒரு மணி நேரம் தப்பா வருது"ங்கற மாதிரிதான். வந்ததெல்லாம் கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வைக்கற டேலைட் சேவிங் பத்தி, அமெரிக்கா லண்டன்காரங்க கேட்ட கேள்விங்க, சிங்கப்பூர்ல அந்த வழக்கமே இல்லன்னு தெரிஞ்சும் மூணு மணி நேரம் அதையே படிச்சு, கிடைச்ச கோடையெல்லாம் ஒட்டி ஒட்டிப் பாத்து, பேசாம 65 நிமிஷத்த கழிச்சு விட்டுடலாமான்னு கூட தோணிடுச்சு.

கீழ கோப்பிக்கடையில சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னேன். "தம்பி, 65 வருதுன்னு சொல்ற, அப்புறம் ஏன் ஒரு மணி நேரம்னு தேடுற? அந்த அஞ்சு நிமிஷத்துலதான விஷயமே இருக்கு. முதல்ல கோடு எந்த டைம்சோன, அதாவது நேர மண்டலத்த, எடுத்துக்குதுன்னு பிரின்ட் பண்ணிப் பாரு"ன்னார்.

பண்ணினேன், "எல்எம்டி பிளஸ் 6:55"னு வந்துச்சு (எல்எம்டின்னா லோக்கல் மீன் டைம், அந்தந்த ஊரோட பழைய உள்ளூர் நேரம்). அத அப்படியே காப்பி பண்ணி, மேற்கோள் குறிக்குள்ள போட்டு, கூட டைம்சோனுக்காக நான் கோடுல பயன்படுத்தின பைடிஇசட்ங்கற லைப்ரரி (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) பேரையும் சேத்து தேடினா முதல் லிங்க்லயே பதில். பைடிஇசட் டைம்சோன நேரா டேட்டைம்க்குள்ள (பைத்தான்ல தேதியும் நேரமும் வைக்கற இடம்) குடுத்தா அந்த ஊர் பட்டியல்ல இருக்கற ஆகப் பழைய நேரத்த எடுத்துக்குமாம். சிங்கப்பூருக்கு அது 1905க்கு முன்னாடி இருந்த உள்ளூர் நேரம், கிரீன்விச்ச விட 6 மணி 55 நிமிஷம் முன்ன. இப்ப சிங்கப்பூர் கிரீன்விச்ச விட எட்டு மணி நேரம் முன்ன, அந்த எட்டுலேர்ந்து கழிச்சுப் பாருங்க, 65 நிமிஷம்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் கேள்வி-பதில் பக்கத்துல பச்சை டிக் வச்ச பதில் பைடிஇசட்லயே இருக்கற லோக்கலைஸ்ங்கற ஃபங்ஷன போடச் சொல்லுச்சு, சரியான பதில்தான், ஆனா பல வருஷத்துக்கு முந்தினது. பச்சை டிக்னா கேள்வி கேட்டவருக்கு அன்னிக்கு அது உதவுச்சுன்னு அர்த்தம், இன்னிக்கும் அதுதான் நல்ல வழின்னு இல்ல. அதனால தேதியப் பாத்துட்டு கீழ கமென்ட்ஸையும் படிச்சேன், 2020ல வந்த பைத்தான் 3.9லேர்ந்து டைம்சோன் வேலைக்கு ஜோன்இன்ஃபோங்கற லைப்ரரி பைத்தான் கூடவே வருதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பைத்தானோட டாக்குமென்டேஷன்ல போய் உறுதி பண்ணிட்டு, எங்க சர்வர்ல எந்த வெர்ஷன்னும் பாத்துட்டுதான் மாத்தினேன்.

மாத்தின பிறகு சும்மா 1981 டிசம்பர் 15 போட்டுப் பாத்தேன், சிங்கப்பூர் கிரீன்விச்ச விட 7:30 முன்னன்னு வந்துச்சு. 1982 ஜனவரி 15 போட்டா 8. இது வேற பக்கோன்னு பயந்து அண்ணன்கிட்ட ஓடினேன். "பக்லாம் இல்ல தம்பி, அந்த நியூ இயருக்குத்தான் சிங்கப்பூரே அரை மணி நேரம் முன்ன போச்சு. நான் அப்ப பிரைமரி ஒன், எங்கம்மா ஸ்டூல் மேல ஏறி சுவர்க் கடிகாரத்த திருப்பி வச்சது இன்னும் ஞாபகம் இருக்கு"ன்னார்.