அப்பாவைக் குளிப்பாட்டிய காலை

அப்பா ஒரு வியாழக்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 71. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் வேலை. விடியும் முன்பே எங்கள் லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பேச்சு தொடங்கிவிட்டது: எரிப்பதா, புதைப்பதா?

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறார். அண்ணன் ஒன்பது வருஷத்துக்கு முன் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவர். அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். நான் கடைசி.

பெரியப்பாவுக்கு டவுனில் இருக்கும் தகனசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். "இந்துன்னா எரிக்கிறதுதான் முறை" என்றார். ஆனால் எங்கள் பாட்டி, தாத்தா, அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லோரும் தேயிலை மலைக்கு மேலே உள்ள தோட்டத்து மயானத்தில்தான் கிடக்கிறார்கள். விறகுக்குக் காசில்லாத காலத்தில் புதைத்தார்களா, இந்தியாவில் ஊரிலிருந்து வரும்போதே அதுதான் வழக்கமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அண்ணன் புதைக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் தப்பு மேளம் வேண்டாம், வாய்க்கரிசி போட மாட்டேன், குடம் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். மூத்த பிள்ளை அவர்தான். பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அம்மா பேசினாள். கொரோனாவில் இறந்தவர்களை எல்லாம் எரிக்க வேண்டும் என்று 2020இல் அரசாங்கம் சொன்னபோது, டவுனில் கடை வைத்திருந்த அப்பாவின் முஸ்லிம் கூட்டாளி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதாராம். அவர் வீட்டில் சாவு இல்லை, ஆனால் வயதான உம்மா படுக்கையில் இருந்தார். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, அதுவும் அவ்வளவு தூரத்தில், மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடியில். அந்த நாட்களில் அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "என்னை எங்கம்மாவுக்குப் பக்கத்துல வச்சிருங்க. யாரும் பிறகு சண்டை பிடிக்கக் கூடாது." அம்மா அதைச் சொன்னதும் எரிக்கிற பேச்சு நின்றது. மற்ற விஷயங்கள் நிற்கவில்லை.

அக்காவுக்கு சனிக்கிழமை இரவுதான் விமானம். அதுவரை உடம்பை வைத்திருக்க மருந்து ஏற்ற வேண்டும், சவ அடக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மலர்ச்சாலைக்குத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அங்கேதான் உறுத்தல். நம் ஆட்கள் குளிப்பாட்டாமல், யாரோ துடைத்து, உடுத்தி, பெட்டியில் வைத்துத் தருவார்கள் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி அந்த மலர்ச்சாலைக்காரரிடம் கேட்டேன். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். "மருந்து ஏத்துறதுக்கு முன்னால நீங்களே குளிப்பாட்டுங்க மகள், ஒரு மணித்தியாலம் தாறேன்" என்றார். இப்படிக் கேட்கலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா, மாமா, அண்ணன், பெரியப்பா மகன், அம்மா, நான். பின்பக்கம் ஒரு சீமெந்து மேசை, இரண்டு வாளி வெந்நீர். அம்மா தலையில் எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்தாள். பிறகு ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் என்ன செய்வார் என்று பயம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியை எடுத்து, அப்பாவின் வலது கையை மட்டும் நெடுநேரம் கழுவினார். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பெரியப்பா விபூதியை எடுத்தபோது அண்ணன் ஒதுங்கி நின்றார், தடுக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும் யாரும் யாரோடும் முறைக்கவில்லை.

வீட்டு வேலைகளைச் சங்கத்துப் பொடியன்கள் பார்த்தார்கள்: வெள்ளைக் கொடி, கதிரை, தேத்தண்ணி. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து லயத்திலிருந்து சோறு வந்தது. மயானத்தில் குழி வெட்டத் தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்லி அனுமதி வாங்கினோம்.

அக்கா ஞாயிறு விடியற்காலை கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் அழுததை எழுத முடியாது.

அன்று காலையே மழை. குழி வெட்டப் போனவர்களோடு அண்ணனும் மண்வெட்டியோடு போய்விட்டார். பெரியப்பா ஆள் அனுப்பினார், பெத்த பிள்ளை குழி வெட்டக்கூடாது என்று. அண்ணன் திரும்பவில்லை. "நான் குடம் எடுக்கலன்னா அப்பாவுக்கு வேற என்னதான் செய்ய?" என்று கேட்டாராம். பாட்டியின் தலைமாட்டில் இருந்த கல்லை வைத்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே எல்லாக் குழியும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் கிடக்கிறது. தண்ணீர் ஊற ஊற வாளியால் இறைத்து இறைத்து வெட்டினார்களாம்.

தப்பு அடித்தார்கள், அப்பாவுக்குத் தப்புச் சத்தம் உயிர் என்பதால் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டி கிளம்பும் முன் சபையார் கால் மணி நேரம் ஜெபம் செய்யவும் அம்மாதான் சம்மதித்தாள். குடத்தைப் பெரியப்பா மகன் எடுத்தான். பெண்கள் நாங்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டோம். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க அம்மாவும் வருவேன் என்றாள். அண்ணன் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். அம்மா பால் ஊற்றினாள், அவர் கண்ணை மூடி நின்றார். பதினாறாம் நாள் கருமாதிக்கு அண்ணன் சாப்பிட உட்காரவில்லை, ஆனால் இலை போட்டது அவர்தான். பெரியப்பா இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி வைக்கிறேன். மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கும்போது பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்.) கணக்கில் ஒரு மாதிரி அப்பாவின் பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து, ஓர் அலுவலகத்துக்கு நாலு தரம் அலைந்தோம். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

போன மாசம் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள், நான் கொப்பியில் எழுதினேன். எந்தச் சேலை, யார் குளிப்பாட்டுவது, அக்கா வரும்வரை வைக்க வேண்டும், நானும் குழி வரை வர வேண்டும். கடைசியில், "அப்பாவுக்குப் பக்கத்துல இடம் கொஞ்சம்தான் இருக்கு, மேல் பக்கமா வெட்டச் சொல்லு, கீழ தண்ணி நிக்கும்" என்றாள்.