சொல்ல வேண்டியவர் சொல்லும் வரை

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவரிடம் முன்னதாகப் பேசுவதும், முடிவு வந்தபின் அதைத் தனியறையில் அவரிடம் மட்டும் தெரிவிப்பதும், தொற்று உறுதியானால் கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சையில் சேர்த்துவிடுவதும் என் வேலை. அந்த முடிவு அவருக்குச் சொந்தமானது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும், அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எங்களைப் போன்றவர்கள் அதை வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது.

கெட்ட எண்ணத்தோடு ரகசியத்தை வெளியிடுபவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஒரு பிரசவ வார்டில், கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் HIV என்று எழுதி வட்டமிட்டிருந்தார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வரும் செவிலியர் கவனமாக இருக்கட்டும் என்பதுதான் எழுதியவரின் நோக்கம். ஆனால், பார்வையாளர் நேரத்தில் கஞ்சி கொண்டுவந்த நாத்தனாருக்கும் அந்த மூன்று எழுத்துகளை வாசிக்கத் தெரியும். யாருடைய ரத்தமானாலும் ஒரே எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும் என்னும்போது, அந்த வட்டத்தால் எந்தச் செவிலியருக்கும் கூடுதல் பாதுகாப்பு இல்லை. அட்டையை மாற்றச் சொன்னேன், உடனே மாற்றினார்கள். ஆனால் அந்தப் பெண் வீடு திரும்பியபோது அவளுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்திருந்தார்கள்.

இதைவிடக் கடினமானது வாழ்க்கைத் துணையிடம் சொல்வது. திருமணம் நிச்சயமான ஒருவரின் தொற்றை மருத்துவமனை வெளிப்படுத்திய வழக்கில், அது தவறல்ல என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய சட்டம் இன்னும் நிதானமாக அணுகுகிறது. துணைக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்க வேண்டும். தாமே சொல்லும்படி தொற்றுள்ளவருக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். நாங்கள் சொல்லப்போகிறோம் என்பதை அவரிடம் முன்பே தெரிவித்திருக்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகே மருத்துவரோ ஆலோசகரோ துணையை நேரில் அழைத்து, ஆலோசனையோடு சொல்லலாம்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். "மேடம், நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க, என்னால முடியாது" என்று தலை குனிந்து அழுதார். சொல்லியிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். ஆனால், கணவனின் நோயை ஓர் அந்நியர் வாயிலாக அறியும் மனைவிக்கு, நோயைக் காட்டிலும் தனக்கு முன்பே இன்னொருவருக்கு அது தெரிந்திருந்தது என்பதே ஆறாத புண்ணாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தச் சொல்லில் தொடங்குவது, மனைவி கேட்கக்கூடிய கேள்விகள் எவை, மருந்தை ஒழுங்காக உட்கொண்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே நீடித்தால் உடலுறவின் மூலம் பரவாது என்பதை எப்படி விளக்குவது என்று அவரோடு பலமுறை பேசிப் பழகினோம். பிறகு மனைவியை அழைத்து வந்தார். என் அறையில் அவரே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அன்றே அந்த அம்மாவும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.

பெண்களின் நிலை வேறு. கர்ப்பகாலப் பரிசோதனை இருப்பதால், பல குடும்பங்களில் மனைவிக்குத்தான் முதலில் தெரியவருகிறது. முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் என்ற பழியும் அவள்மேல் விழுகிறது. அடியோ, வீட்டைவிட்டுத் துரத்தப்படும் நிலையோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அவளுடைய துணையிடம் நாங்கள் தெரிவிக்கக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. அதற்காகக் கணவரைப் பரிசோதிக்காமல் விட்டுவிடவும் மனம் ஒப்பாது. ஆகவே கர்ப்பிணிகள் பதிவுக்கு வரும் நாளிலேயே, யாருடைய முடிவும் தெரிவதற்கு முன், கணவரையும் சேர்த்து அழைத்துவரச் சொல்கிறோம். இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்து, முடிவைத் தனித்தனியே கேட்டுக்கொள்ளும்போது, யாருக்கு முதலில் தெரிந்தது என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை.