பழைய ரிசீவரில் ஹெட்போன்: இடது பக்கச் சாய்வு ஒழிந்தது

பாடகியின் குரல் ஒருவழியாக நடுவுக்கு வந்துவிட்டது. ராத்திரியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் குரல் இடது காதோரம் ஒதுங்கி நிற்கும். வால்யூம் குமிழை ஏற்றினால் நடுவுக்கு வரும், அதற்குள் காது வலிக்கிற அளவுக்குச் சத்தம் போயிருக்கும். பழைய ரிசீவரில் (ரேடியோவும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் ஒன்றாக உள்ள பெட்டி) ஹெட்போன் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். என் செட்டில் இப்போது அது அடியோடு இல்லை. மூடியைக்கூடக் கழற்றவில்லை. நாலே நாலு சின்ன ரெசிஸ்டர்தான் வேலையை முடித்தது.

செட் 1970களின் பின்பாதியில் வந்த ஜப்பான் ரிசீவர், சேனலுக்கு 15 வாட். பயனியர், மரான்ட்ஸ், சான்சுயி, கென்வுட், யமஹா எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு இறக்கிய காலத்துச் சரக்கு. வெள்ளி முகப்பு, கனமான அலுமினியக் குமிழ்கள், டியூனிங்குக்கு ஊசி மீட்டர். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் வீட்டிலிருந்து என்னிடம் வந்தது. பின்பக்கம் வோல்ட்டேஜ் மாற்றுகிற சுவிட்ச் இருப்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தொல்லை கிடையாது. ஜப்பானுக்குள்ளேயே விற்ற செட்டாக இருந்திருந்தால் 100 வோல்ட், எஃப்.எம்மும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னையில் 93.5, 98.3, 101.4 எதுவும் அதில் எடுக்காது. வாங்கப் போகிறவர்கள் டயலை முதலில் பாருங்கள்.

டிசி ஆஃப்செட் (அவுட்புட்டில் கசியும் டிசி வோல்ட்டேஜ்) இரண்டு பக்கமும் 20 மில்லிவோல்ட்டுக்குள். ஹம் என்கிற மின் இரைச்சல் இல்லை. ஆக, செட் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

இந்தச் செட்டுகளில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகிற அதே அவுட்புட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்கு வரும். என் செட்டில் அது 330 ஓம். இதை மட்டமான ஏற்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது கெட்டிக்கார வேலையாகத்தான் படுகிறது. 15 வாட் என்றால் 8 ஓமில் கிட்டத்தட்ட 11 வோல்ட். அந்த 11 வோல்ட்டை 32 ஓம் ஹெட்போனுக்கு நேராகக் கொடுத்தால் மூன்றரை வாட்டுக்கு மேல் போகும், காயில் கருகிவிடும். 330 ஓம் வழியாகப் போனால் அதே 32 ஓமுக்கு 29 மில்லிவாட், 300 ஓமுக்கு 90, 600 ஓமுக்கு 83. எந்த ஹெட்போனைச் செருகினாலும் ஆபத்தில்லாத, ஆனால் தாராளமான அளவு. ஒரே ஒரு ரெசிஸ்டர் அத்தனையையும் சமாளிக்கிறது. அன்றைய ஹெட்போன்களும் அதற்கேற்றபடிதான் இருந்தன. 1968இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 இரண்டாயிரம் ஓம்!

நான் போடுவது எச்.டி. 600, 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் இம்பிடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) 500 ஓம் வரை எழும்பும். எதிரே 330 ஓம் இருப்பதால் அந்த இடத்தில் சுமார் 2 டெசிபல் கூடுகிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கு நல்ல உடம்பு வருகிறது, தம்புராவின் அடிநாதம் நிறைந்து நிற்கிறது. கறாராகப் பார்த்தால் இது பிழைதான். ஆனால் எச்.டி. 600இல் கீழ்ப்பகுதி கொஞ்சம் மெலிவு என்று நினைக்கிற எனக்கு இந்தக் கூடுதல் பிடித்திருக்கிறது. பிளேனார் ஹெட்போனில் (தட்டையான சவ்வு அதிரும் வகை) இந்த வித்தை நடக்காது. அவற்றின் இம்பிடன்ஸ் எல்லா சுரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் சத்தம் மட்டும் குறையும், தொனி மாறாது. பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பகுதி) உள்ள, காதுக்குள் செருகுகிற இன் இயர்களை மட்டும் இதில் செருகாதீர்கள். அவற்றின் இம்பிடன்ஸ் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், பாட்டின் சமநிலையே குலைந்துவிடும்.

சரி, சாய்வுக்கு வருகிறேன்.

காதை நம்பாமல் அளந்தே பார்த்தேன். 200 ஹெர்ட்ஸ் டோன், முழு அளவில், டாக்கிலிருந்து (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் பெட்டி) ரிசீவரின் ஆக்ஸ் இன்புட்டுக்கு. ஜாக்கில் ஹெட்போனுக்குப் பதிலாக 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று டம்மியாக. டோன் 200இல் இருப்பதற்குக் காரணம் உண்டு: சாதாரண மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகச் சொல்லாது. மலிவான மஞ்சள் மீட்டரை இதற்கு எடுக்காதீர்கள். அதில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே நிலை, மில்லிவோல்ட் அதில் தெரியாது.

குமிழின் குறி கடிகாரத்தின் 8 மணித் திசையில் இருக்கும்போது இடது 110 மில்லிவோல்ட், வலது 70. கிட்டத்தட்ட 4 டெசிபல் வித்தியாசம். 9 மணியில் 520க்கு 450, அதாவது 1.3 டெசிபல். அதற்கு மேல் போகப் போக இரண்டும் நெருங்கிவிடுகின்றன. நான் ராத்திரியில் கேட்கிற இடம் எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில். சாய்வு அதிகமாக இருக்கிற அதே இடம்.

கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழை நன்றாகத் திருப்பிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். அந்த வேலை இந்தச் செட்டுக்கு முன்பே நடந்திருக்கிறது, கரகரப்பு துளியும் இல்லை. கரகரப்பு வேறு, சாய்வு வேறு. கரகரப்பு அழுக்கினால் வருவது. சாய்வு, இரண்டு சேனலுக்கான கார்பன் தடங்களும் ஆரம்பத்தில் ஒன்றுபோல் இல்லாததால் வருவது. எந்தத் திரவமும் அதைச் சரிசெய்யாது. பேலன்ஸ் குமிழைத் திருப்பலாம், ஆனால் ஒரு சத்த அளவுக்குச் சரி செய்தால் அடுத்த அளவில் மறுபக்கம் சாயும். வால்யூம் கன்ட்ரோலையே மாற்றலாமென்றால், லவுட்னஸுக்காக (குறைந்த சத்தத்தில் கீழ்சுரத்தைத் தூக்கும் வசதி) நடுவில் தனிக் கால் எடுத்த வகை அது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கிற சாதாரண இரட்டை வால்யூம் கன்ட்ரோலில் அந்தக் கால் இருக்காது.

சாய்வு பிறப்பது வால்யூம் கன்ட்ரோலில்தான், ஆனால் அது காதில் உறைப்பதற்குக் காரணம் வேறு. குமிழை 8 மணியில் வைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் நோய். 1970களின் செட்டுகளின் ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட் கொடுத்தாலே முழு 15 வாட்டும் வந்துவிடும். அன்றைய டேப் டெக், டியூனர் எல்லாம் இன்றைய சாதனங்களைவிடக் குறைவாகத்தான் கொடுத்தன. இன்றைய டாக், சிடி பிளேயர் எல்லாம் 2 வோல்ட். 22 டெசிபல் அதிகம்! குமிழ் தன் பாதையில் பாதி போவதற்குள் ஆம்ப் மூச்சு முட்டிவிடுகிறது. ஸ்பீக்கரில் கேட்கும்போது இது பெரிதாக உறைக்காது, ஏனென்றால் ஸ்பீக்கருக்குச் சத்தம் தேவை, அறையும் இரண்டு பக்கத்தையும் கலந்துவிடும். ஹெட்போனில் ஒளிந்துகொள்ள இடமில்லை, 1 டெசிபல் சாய்ந்தாலும் குரல் நகர்வது தெரியும்.

ஆகவே வரும் வழியிலேயே சிக்னலைக் குறைக்க வேண்டும். சேனலுக்கு ஒரு 10 கிலோ ஓம் தொடரில், ஒரு 1 கிலோ ஓம் தரைக்கு. 2 வோல்ட் உள்ளே போனால் 180 மில்லிவோல்ட் வெளியே வரும், கிட்டத்தட்ட 21 டெசிபல் குறைவு. முழுக் குமிழில் ரேட் செய்த வாட்டைச் சற்றே தாண்டும். செட் எதிர்பார்க்கிற அளவுக்கே சிக்னல் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரிலேயே டிஜிட்டலாக 20 டெசிபல் குறைக்கலாமே என்றால், 24 பிட் டாக்கில் அதுவும் நடக்கும். ஆனால் ஏதோ ஒரு செயலி தானாக முழு அளவுக்குத் தாவிவிட்டால் காது என்ன ஆவது? ரெசிஸ்டர் ஒருநாளும் தாவாது.

இதைத் தனிப் பெட்டியாகச் செய்யாமல் கேபிள் முனையில் உள்ள ஆர்.சி.ஏ. பிளக்குக்குள்ளேயே அடக்கினேன். இந்த வேலையில் எனக்கு அதிக ருசி தந்த பகுதி இதுதான். ரிசீவர் பக்கத்து பிளக்கில் வைப்பது நல்லது. கேபிள் முழுக்க 2 வோல்ட் ஓடட்டும், வழியில் ஹம் ஏறினாலும் கடைசியில் அதுவும் சேர்ந்தே குறையும். உலோக மூடி திருகுகிற பிளக்காகப் பாருங்கள், ரப்பர் மூடிக்குள் இடம் போதாது. 1 கிலோ ஓம் நடு ஊசிக்கும் எர்த் தகட்டுக்கும் குறுக்கே. 10 கிலோ ஓமின் ஒரு கால் அதே நடு ஊசியில், மறு கால் கேபிளின் உள் கம்பியில்.

நடு ஊசியின் கோப்பைக்குள் இரண்டு கால்கள் ஒன்றாக இறங்க வேண்டும். சூட்டுக்கோல் ஒரு நொடி கூடுதலாக நின்றால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகி ஊசி கோணிக்கொள்ளும், அப்புறம் அந்த பிளக் எந்தச் சாக்கெட்டிலும் நேராக ஏறாது. அதற்கு ஒரு வழி: பழைய ஆர்.சி.ஏ. சாக்கெட் ஒன்றை வைஸில் பிடித்து, பிளக்கை அதில் செருகிவிட்டு ஈயம் வையுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் சாக்கெட் ஊசியை நேராகவே பிடித்திருக்கும், சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கால்கள் இரண்டையும் முன்பே முறுக்கி ஈயம் பூசிவிட்டால் கோப்பையில் ஒரு தொடுதல் போதும். 10 கிலோ ஓம் மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் காப்புக் குழாய்) கட்டாயம். அதன் வெளிக்கால் உலோக மூடியில் பட்டால் அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இருக்காது.

ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். கடையில் கேட்டு வாங்கும்போது உடல் நிறத்தைக் கவனியுங்கள். மெட்டல் ஃபிலிம் பெரும்பாலும் நீலம், கார்பன் ஃபிலிம் மங்கல் பழுப்பு. 1 சதவீதம் என்று நம்பி அப்படியே போடவும் வேண்டாம். நாலும் எதிரெதிராகத் தவறினால் இரண்டு சேனலுக்கும் நடுவில் 0.3 டெசிபல் வரை வரலாம். சாய்வைப் போக்கப் போய்ப் புதுச் சாய்வை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? ஒரு கட்டிலிருந்து மீட்டரில் அளந்து ஜோடி பார்த்து எடுத்தேன். வண்ண வளையத்தை மட்டும் நம்புவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. அதையே மறுமுனையிலிருந்து படித்தால் 110 ஓம். இரண்டு முனையிலும் பழுப்பு இருப்பதால் எந்தப் பக்கம் தொடக்கம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

மாட்டிய பிறகு அதே டோன், அதே டம்மி. 11 மணியில் 350க்கு 335, அதாவது 0.4 டெசிபல். 12 மணியில் 620க்கு 600, 0.3 டெசிபல். நான் கேட்கிற இடம் இப்போது பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். குரல் நடுவில் நிற்கிறது, வீணையின் மீட்டு தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. முன்பு குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் சத்தம் தாவும். இப்போது ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் ஒவ்வொரு அளவு கிடைக்கிறது.

ஒரு நஷ்டம்: லவுட்னஸ் பொத்தானின் வேகம் குறைந்துவிட்டது. அது வால்யூம் கன்ட்ரோலின் அந்த நடுக் காலில் தொங்குவது. குமிழ் கீழே இருக்கும்போது கீழ்சுரத்தை நன்றாகத் தூக்கும், மேலே ஏற ஏறக் கைவிட்டுவிடும். தாழ்ந்த சத்தத்தில் கேட்கிறவனுக்குத்தான் அது உண்மையில் தேவை, ஆனால் குமிழ் இப்போது 11இல் இருக்கிறதே. பாஸ் குமிழை ஒரு கட்டம் ஏற்றி ஒப்பேற்றுகிறேன். இதனாலேயே அடுத்து யமஹா சி.ஆர். வரிசையில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சி.ஆர். 620, 820 போன்றவற்றில் லவுட்னஸ் தனிக் குமிழ், வால்யூம் எங்கே இருந்தாலும் நமக்கு வேண்டிய அளவு திருப்பிக்கொள்ளலாம். ஹெட்போனுக்கு அதைவிடப் பொருத்தமான வசதி எனக்குத் தோன்றவில்லை. நல்ல நிலையில் உள்ளது கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்துவிடுவேன்.

இதற்கிடையில் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து எடுக்கிற இரண்டாவது ஏற்பாடு பாதியில் நிற்கிறது. 330 ஓமைத் தவிர்த்து எச்.டி. 600ஐ அதன் இயல்பான தொனியில் கேட்டு ஒப்பிடுவதற்காக. 47 ஓம் தொடரில், 10 ஓம் குறுக்கே, அந்த 10 ஓமின் மேல் ஹெட்போன். இரண்டும் 5 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர். ஹெட்போனுக்குத் தெரிகிற அவுட்புட் இம்பிடன்ஸ் 8 ஓம் சொச்சம், சத்தம் 15 டெசிபல் குறையும், ஆம்பின் ஸ்ஸ் இரைச்சலும் அதோடு சேர்ந்து குறையும். ஹெட்போனை ஸ்பீக்கர் முனைகளில் நேராக மாட்டினால் நிசப்தமான நேரத்தில் அந்த ஸ்ஸ் கேட்கிறது, செட்டில் உள்ள 330 ஓம் ஜாக்கில் கேட்பதில்லை.

இதை யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால், முதலில் செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கருக்கான இரண்டு கறுப்பு முனைகளுக்கும் நடுவில் மீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் பிளக்கில் இரண்டு பக்கத்துக்கும் எர்த் ஒன்றே. கறுப்பு முனைகள் உள்ளே ஒன்றாக இல்லாத ஆம்பில் அவற்றை வெளியே சேர்த்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். என் செட்டில் இரண்டும் ஒன்றுதான், பார்த்துவிட்டேன்.

ரெசிஸ்டர்கள் இப்போது ஹைலம் என்கிற மின்காப்புப் பலகைத் துண்டு ஒன்றில் உட்கார்ந்திருக்கின்றன. கால் அங்குல ஜாக் வந்துவிட்டது. டை காஸ்ட் அலுமினியப் பெட்டி ஒன்று வர வேண்டும். வந்ததும் அதே 200 ஹெர்ட்ஸ் டோனோடு 100 ஹெர்ட்ஸிலும் அளந்து, அந்த 2 டெசிபல் நிஜமாகவே போகிறதா, போனால் எனக்குப் பிடிக்கிறதா என்று எழுதுகிறேன்.