பெட்டிக்கடை வெண்பா: குறளிலிருந்து நேரிசை வரை

எடுத்துக்கொண்ட கருத்து சாதாரணமானது: கொட்டும் மழையில் குடை இல்லாதவர்களுக்குப் பெட்டிக்கடைதான் புகலிடம். இதைக் குறள் வெண்பா ஆக்க வேண்டும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று.

உரைநடையை அப்படியே அலகிட்டால், அதாவது சீர்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்தால், முக்கியமாக இரண்டு இடத்தில் உடைகிறது. (நேர்: தனிக்குறில் அல்லது நெடில்; நிரை: குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ; பின்வரும் ஒற்று அதனோடு சேர்ந்துகொள்ளும்.) 'இல்லாதவர்களுக்கு' என்பது இல்/லா/தவர்/களுக்/கு என ஐந்து அசை. வெண்பாச் சீரில் மூன்றுக்கு மேல் கூடாது. 'புகலிடம்' நிரை நிரை, அதாவது கருவிளம்; ஆனால் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் (அசை அமைப்புக்கு வைத்த பெயர்) ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 'புகல்' என்று வெட்டினால் மலர். அது தீர்ந்தது.

அடுத்த வரைவு:

கொட்டும் மழையில் குடையில்லா தோர்க்கெல்லாம்
பெட்டிக் கடையே புகல்

தளை, அதாவது ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் இணையும் முறை, தட்டவில்லை. மாமுன் நிரை (மா: நேரில் முடியும் ஈரசைச்சீர்), காய்முன் நேர் (காய்: நேரில் முடியும் மூவசைச்சீர்) என்ற இரண்டும் சரி. விளமுன் நேர் என்ற விதிக்கு இங்கே வேலையில்லை, நிரையில் முடியும் ஈரசைச்சீரான விளம் இதில் இல்லை. ஆனால் 'இல்லாதோர்க்கு' இரண்டாகப் பிளந்து 'தோர்க்கெல்லாம்' தனியே தொங்குகிறது. வகையுளி, அதாவது சீருக்காகச் சொல்லைப் பிளப்பது, இலக்கணப்படி குற்றமில்லை, பழம்பாடல்களில் ஏராளம். இக்காலச் சொற்களில் மட்டும் அது காதை உறுத்தும். அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருள் தளை சரியா என்று சொல்லிவிடும், இந்த உறுத்தலைச் சொல்லாது. வாய்விட்டுப் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

மாற்றியபின்:

கொட்டும் மழையில் குடையின்றி நிற்போர்க்குப்
பெட்டிக் கடையே புகல்

முதலடி தேமா, புளிமா, புளிமாங்காய், தேமாங்காய். இரண்டாமடி தேமா, புளிமா, மலர். எந்தச் சொல்லும் பிளக்கவில்லை. கொட்டும்–பெட்டி எதுகை, இரண்டிலும் முதலெழுத்து குறில். முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும் என்பதால் 'ஓட்டை' இங்கே உதவாது. கொ–கு மோனை முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் விழுகிறது.

'நிற்போர்க்கு' இருக்கும் இடத்தில் 'காத்திருப்பவர்' என்று வைக்கத் தோன்றும். காத்/திருப்/பவர்: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச்சீர்) வரவே கூடாது. 'காத்திருப்போர்' என்றால் கூவிளங்காய். பேச்சுத்தமிழுக்குப் பக்கத்தில் எழுதுபவர்களிடம் கனி நுழைவது பெரும்பாலும் இந்த '-பவர்' வழியாகத்தான். '-போர்' ஆக்கினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

இனி நேரிசை வெண்பா. நான்கடி, இரண்டாமடியின் நான்காம் சீர் தனிச்சொல், அது முதலிரண்டு அடிகளின் எதுகையை ஏற்க வேண்டும். 'புகல்' இப்போது ஈறு இல்லை என்பதால் 'புகலாகும்' என நீட்டலாம். புளிமாங்காய், ஆகவே தனிச்சொல் நேரில் தொடங்க வேண்டும், இரண்டாம் எழுத்து ட் ஆக வேண்டும். 'சட்டென்று' இரண்டுக்கும் பொருந்துகிறது. தனிச்சொல் வெறும் அடைசலாக நிற்பதுதான் புதிதாக எழுதும் நேரிசைகளின் பெரிய நோய். அடுத்த அடிக்குள் பொருளைத் தள்ளிவிடும் சொல்லாக இருந்தால் பாட்டு தானே நடக்கும்.

கொட்டும் மழையில் குடையின்றி நிற்போர்க்குப்
பெட்டிக் கடையே புகலாகும் – சட்டென்று
வானம் வெளுத்தால் வரிசையாய்ப் போய்விடுவார்
போனவர் வாங்கார் பொருள்

பின்னிரண்டு அடிக்கு எதுகை வேறு (வானம்–போனவர்), அதனால் இருவிகற்பம். 'வரிசையாய்' கவனிக்க வேண்டிய சீர். சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகும், ஆகவே வரி/சையாய், கருவிளம். நெடிலாகக் கொண்டு வரி/சை/யாய் என்று பிரித்தால் புளிமாங்காய். இரண்டுக்குப் பின்னும் நேர்தான் வர வேண்டும், 'போய்' நேர். எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது. இப்படிச் சொல்லின் நடுவில் ஐகாரம் வந்தால் குறிலாக வைத்து அலகிடுவதே பாதுகாப்பு.

ஈற்றைக் காசு வாய்பாட்டில், அந்தச் சொல்லையே வைத்து முடித்தும் பார்க்கலாம்: 'போனவர் தந்திலர் காசு'. கூவிளம், கூவிளம், காசு, தளை சரி. ஆனால் போ–பொ மோனை போய்விடுகிறது. 'வெளுத்தால் போய்விடுவார்' என்ற எதிர்காலத்துக்குப் பின் 'தந்திலர்' என்ற இறந்தகாலமும் இடிக்கிறது. 'பொருள்' இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.