மூச்சு 20 என்று எழுதுவதற்கு முன்

எந்த வார்டிலாவது சார்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை கட்டத்தில் பெரும்பாலும் 20 இருக்கும். காய்ச்சல்காரருக்கும் 20, நேற்று வயிறு திறந்து ஆபரேஷன் ஆனவருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. பி.பி.க்கு மெஷின் உண்டு, பல்ஸுக்கு விரலில் மாட்டும் கருவி உண்டு. மூச்சுக்கு மட்டும் பக்கத்தில் நின்று ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 40 கட்டிலுக்கு ஒரு சிஸ்டர் என்றால் அதற்கே 40 நிமிடம் போய்விடும். அந்த நேரம் கிடைக்காத இரவுகளில்தான் 20 எழுதப்படுகிறது.

நர்சிங் படிப்பில் தலைமைப் பண்பு ஒரு பாடம், தொழில் அறம் ஒரு பாடம், நோயாளியிடம் பேசுவது ஒரு பாடம். வார்டில் மூன்றும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்து நிற்கின்றன. உடம்பு சரியத் தொடங்கினால் பல நேரம் பி.பி. விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். அங்கே பொய்யாக 20 இருந்தால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

எல்லோருக்கும் எண்ண முடியாது என்றால் யாருக்குக் கட்டாயம் எண்ண வேண்டும் என்று டூட்டி தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். பெரிய ஆபரேஷன் முடிந்து முதல் 48 மணி நேரத்தில் இருப்பவர்கள், ஆக்சிஜனில் இருப்பவர்கள், காய்ச்சலோடு பேச்சு குழறுபவர்கள், பிரசவமாகி ரத்தப்போக்கு அதிகமானவர்கள். பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து அவர் கையை அவர் வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். ஒரு மூச்சு தப்பினால் கணக்கில் நாலு தப்பும்.

எண்ணவே முடியவில்லையா, கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருபவர் எண்ணுவார். பொய் எண்ணைப் பார்த்தால் எண்ண மாட்டார். ஆனால் காலியாக விட்ட ஜூனியரை மறுநாள் காலையில் எல்லோர் முன்னிலும் திட்டும் ஹெட் நர்ஸ் இருக்கும் வார்டில் இது நடக்காது. "ஏன் எண்ணல?" என்பதற்குப் பதில் "எத்தனை பேருக்கு எண்ண முடிஞ்சுது, யாரைப் போட்டா மிச்சம் எண்ணலாம்?" என்று கேட்பவர்தான் என் கணக்கில் தலைவர்.

சரி, எண்ணியாயிற்று, 28 வருகிறது, வேகம் அதிகம். அடுத்து போன். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். "சார், 14-ம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்." எதிர்முனையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டருக்கு இதில் எழுந்து வர ஒரு காரணமும் இல்லை. "பாத்துக்கோங்க சிஸ்டர், காலையில வர்றேன்" என்பார். தப்பு அவர்மேல் மட்டும் இல்லை.

அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் பழக்கத்தில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை ஒன்று உண்டு. எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன, இதுவரை என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசை. நம் வார்டுப் பேச்சில் இப்படி வரும்:

"சார், ஆண்கள் சர்ஜரி வார்டு நைட் டூட்டி சிஸ்டர் பேசறேன். 14-ம் பெட் மோசமாயிட்டு வர்றார், நீங்க உடனே வந்து பாக்கணும். 58 வயசு, குடல் ஓட்டைக்கு லேப்பரோட்டமி, ரெண்டாவது நாள், சுகர் இருக்கு. 10 மணிக்கு 96 இருந்த பல்ஸ் இப்ப 124. பி.பி. 96/60. மூச்சு 28, முழு நிமிஷம் எண்ணினேன். டெம்பரேச்சர் 101.5. ஆக்சிஜன் வைக்காம சாச்சுரேஷன் 93. நாலு மணி நேரத்துல யூரின் 40 மில்லிதான். வயிறு கல்லு மாதிரி இருக்கு. செப்சிஸோன்னு பயப்படறேன். ஆக்சிஜன் வெச்சு, ரெண்டாவது ட்ரிப்ஸ் லைன் போட ரெடி பண்றேன். என்ன ஃப்ளூயிட், எவ்வளவு வேகம், என்ன ரத்தம் எடுக்கணும்? எத்தனை நிமிஷத்துல வருவீங்க?"

(லேப்பரோட்டமி என்றால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். செப்சிஸ் என்றால் தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையால் உறுப்புகளே பழுதாகும் நிலை.) சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், யூரின் அளவு மூன்றும் கையில் இருக்க வேண்டும். இந்த எண்களை பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி எவ்வளவு மோசம் என்பதை எண்ணாகக் காட்டும் நியூஸ் மதிப்பெண் முறையில் போட்டால் 10 வரும். 7 தொட்டாலே அவசரம். அந்த மதிப்பெண்ணில் யூரின் சேராது; அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி இறங்க வேண்டும், நாலு மணி நேரத்துக்கு 120.

நாலு படியில் கடைசிப் படிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. "டாக்டருக்கு நாம எப்படி இதைச் செய்யுங்கன்னு சொல்றது?" என்ற கூச்சம். சொல்லலாம். "நீங்க வரணும்" என்பது உத்தரவு இல்லை, நோயாளியின் கோரிக்கை. அவருக்கு வாய் திறக்க முடியாததால் நீங்கள் சொல்கிறீர்கள். வரவில்லை என்றால் "சார், எனக்குக் கவலையா இருக்கு, இது பேஷன்டுக்கு ஆபத்து" என்று அதே சொற்களில் இன்னொரு முறை. அப்போதும் நகரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவர். போன் செய்த நேரம், பேசியவர், கிடைத்த பதில் மூன்றையும் நர்ஸ் நோட்ஸில் எழுதுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

வாய்வழி ஆர்டர் அவசரத்துக்கு மட்டும். கேட்டு, எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து, "ஆமாம்" வாங்கிய பிறகே ஊசி. போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். "பதினஞ்சா, அம்பதா?" என்று தமிழில் கேட்டால் குழப்பமே வராது. இன்சுலினை எழுதும்போது யூனிட் என்பதை யூ என்று ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்காதீர்கள். 4-க்குப் பக்கத்தில் அந்த எழுத்து வட்டமாக விழுந்தால் 40 ஆகிவிடும். இன்னொன்று, நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் மருந்தும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். மூடியைப் பார்த்து நம்பாமல் சிரிஞ்சில் அச்சிட்டிருப்பதையும் குப்பி லேபிளையும் சேர்த்து வாசியுங்கள்.

தப்பு நடந்துவிட்டால் முதலில் நோயாளி, அடுத்து டாக்டர், அதற்குப் பிறகு எழுத்து. வெள்ளை மை பூச வேண்டாம். ஒற்றைக் கோடு, கையெழுத்து, நேரம்.

இதெல்லாம் நமக்குள் பேசுவது. நோயாளி நம்மிடம் பேசுவதில் வேறு சிக்கல். 'மயக்கம்' என்ற ஒரே சொல்லுக்குள் தலைசுற்றல், கண் இருட்டுதல், நினைவு தப்புதல், வெறும் அசதி எல்லாம் இருக்கிறது. "மயக்கமா வருது" என்றால் அப்படியே எழுதாமல், "கீழ விழுந்தீங்களா? சுத்தி நடக்கிறது தெரிஞ்சுதா? எழுந்து நின்னா வருதா, படுத்திருந்தாலும் வருதா?" என்று கேளுங்கள். இதைவிடப் பயப்பட வேண்டிய சொல் 'வாயு'. "நெஞ்சுல வாயு புடிச்சுக்கிச்சு, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று வருபவர்களில் மாரடைப்புக்காரர்களும் இருக்கிறார்கள். சுகர் இருப்பவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலி இல்லாமல் வியர்வையும் குமட்டலும் மட்டுமாக வரலாம். நோயாளி வாயு என்கிறார் என்பதற்காக நாமும் வாயு என்று நினைக்கக் கூடாது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி.

திருப்பூர், கோவைப் பக்கம் வார்டுகளில் இந்தி, ஒடியா, வங்காளி பேசும் தொழிலாளர்கள் நிறைய. கூட வந்த மேஸ்திரியை மொழிபெயர்க்க வைப்பது சுலபம்தான். ஆனால் மிஷினில் கை போனது எப்படி என்பதையும், குடிப்பழக்கத்தையும், பால்வினை நோயையும் அவர் முன்னால் அந்தப் பையன் சொல்ல மாட்டான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அம்மாவின் மாதவிடாய் பற்றிக் கேட்க வைப்பது அதைவிட மோசம். அந்த மொழி தெரிந்த ஊழியர் வேறு வார்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். போனில் ஸ்பீக்கர் போட்டாவது அவரைப் பேச வையுங்கள். கேள்விகளைச் சின்னச் சின்னதாக, நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

பழக்கவழக்கங்கள் விஷயத்தில் மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ் சொன்ன மூன்று வழிகள் எனக்கு இன்றும் உதவியாக இருக்கின்றன: அப்படியே இருக்க விடுவது, கொஞ்சம் மாற்றி இடம் கொடுப்பது, மாற்றச் சொல்லிக் கூடவே நிற்பது. அரைஞாண் கயிறு ஆபரேஷன் இடத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் இருக்கட்டும். தாலி இரண்டாம் வகை. ஆபரேஷனில் கரண்ட் வைத்து ரத்தம் நிறுத்தும்போது உலோகம் உடம்பில் இருந்தால் சூடுபடும் அபாயம் உண்டு. "கழட்டுங்க" என்று தியேட்டர் வாசலில் சொன்னால் அழுகைதான் வரும். முந்தின நாள் மாலையே காரணத்தைச் சொல்லி, தங்கத்தை வீட்டார் கையில் கொடுத்துவிட்டு மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நிறைய பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழிதான். யார் கையால் கழட்ட வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டாம், உள்ளங்காலில் பொட்டு வைக்கலாம் என்பதும் இந்த வகைதான்.

மூன்றாம் வகைக்கு சேனை. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது. தேன் ஒரு வயதுக்குள் ஆபத்து, சீம்பால் தாமதமாவது நஷ்டம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் சேனை வைக்கும் பாட்டியின் ஆசை குழந்தைக்கு முதல் ஆளாக நல்லது செய்வது. "நீங்களே மடியில எடுத்து அம்மாகிட்ட குடுங்க, முதல் பால் உங்க கையால" என்று அவரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசிவிட்டால் பெரும்பாலும் சண்டை வராது. பிறந்த பிறகு கிண்ணத்தைப் பிடுங்கினால் நாம் திரும்பியதும் தொட்டு வைத்துவிடுவார்கள்.

கையெழுத்து விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். நினைவோடு இருக்கும் பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரிடமோ மாமியாரிடமோ மட்டும் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில், மகள் மயக்க மருந்தில் இருந்தபோது அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நடைமுறையில் படிவத்தோடு சிஸ்டர்தான் போகிறார். "என்ன ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரா, நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு, அவருக்குத் தெரியவில்லை என்றால் படிவத்தை வாங்காமல் டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதேபோல எச்.ஐ.வி. இருப்பதைக் கேஸ் ஷீட் அட்டையிலோ கட்டில் பலகையிலோ எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் கூடாது. ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017 சட்டம் தடுக்கிறது. கையுறை எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வராந்தாவில் நடப்பது. "அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்." இங்கே உடனே "சரி" என்றும் சொல்லாதீர்கள், "அது அவர் உரிமை" என்று பாடமும் எடுக்காதீர்கள். "நான் போய் எதையும் உடைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் பயத்தைக் கேட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நோயாளியிடம் நேரடியாக, "உங்க உடம்பைப் பத்தி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட பேசினா போதுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சிலர் பையனிடம் பேசச் சொல்வார்கள், அதுவும் அவர் முடிவுதான். சிலர், "எனக்குத் தெரியும்மா, பசங்க பயப்படுவாங்கன்னுதான் கேக்கல" என்பார்கள்.

காலையில் டியூட்டி மாறும்போது இதையும் கட்டில் பக்கத்தில் சத்தமாகச் சொல்ல முடியாது. ட்ரிப்ஸ், டிரெயின் குழாய், யூரின் பை, காயம் இவற்றை இரண்டு பேரும் சேர்ந்து கண்ணால் பார்த்து அங்கேயே ஒப்படையுங்கள். நோயறிதல், குடும்பப் பேச்சு, எச்.ஐ.வி. போன்றவை நர்ஸ் மேஜையில். கடைசியாக, வராத ரிப்போர்ட், வரவேண்டிய டாக்டர், மூச்சு எண்ணாமல் விட்ட கட்டில் நம்பர்கள்.