குடசப்பாலை என்று விற்கப்பட்ட வெள்ளைப் பூச்செடி

நர்சரியில் “குடசப்பாலைங்க, மருந்துச் செடி” என்று சொல்லிக் கொடுத்தது. இடுப்பளவு வளர்ந்ததும் ஓயாமல் வெள்ளைப் பூ. பூத்த பிறகுதான் சந்தேகம். குடசப்பாலை விட்டால் சிறு மரமாகும், இலை ஒரு சாண் நீளம் போகும். இதன் இலையோ விரல் நீளம்தான்.

செல்போன் செயலியை நம்பி உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். மேலிருந்து எடுத்த படத்துக்கு நந்தியாவட்டை என்றது, பக்கவாட்டில் எடுத்ததற்குக் கார்டினியா என்றது. ஐந்து வெள்ளை இதழைத் தவிர வேறெதுவும் தெரியாத படத்துக்கு அதுவும்தான் என்ன சொல்லும்? பூவின் தொண்டை, பூக்குழலின் நீளம், இலை தண்டோடு சேரும் கணு, இலையின் அடிப்பக்கம், காய் என்று தனித்தனியாக, விரலை அளவுக்கு வைத்து எடுங்கள்.

அதைவிடச் செடியிலேயே பார்ப்பது விரைவு. முதலில் பால். இளங்கொழுந்தைக் கிள்ளுங்கள், முற்றிய இலையில் வெயில் காலத்தில் சரியாக வராது. வெள்ளைப் பால் கசிந்தால் கார்டினியா கழிந்தது, அது காபிச் செடியின் குடும்பம், பால் கிடையாது. பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

அடுத்தது தொண்டை. லென்ஸ் இருந்தால் நல்லது. ஒற்றை நந்தியாவட்டையில் இதழ் லேசாக முறுக்கி, ஓரம் நெளிந்திருக்கும். நடுவில் ஒன்றும் இராது, மகரந்தப் பைகள் குழலுக்குள் ஒளிந்திருக்கும். நம் செடியில் இதழ்கள் சேருமிடத்தில் நூல் பிரிந்த குஞ்சம் போல வெள்ளை இழைகள் வட்டமாக நிற்கின்றன. அதன் நடுவே மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு அடையாளத்தில் நந்தியாவட்டை, குடசப்பாலை இரண்டுமே அடிபட்டுப் போகின்றன. மிச்சம் வெட்பாலைக் கூட்டம், தாவரவியல் பெயரில் ரைட்டியா. நம்மூர் வெட்பாலைக்கும் குஞ்சம் உண்டு, ஆனால் அது இலையுதிர்க்கும் மரம், இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டித் தொங்கும். இது என்றும் பசுமையான புதர்.

உறுதி செய்துகொள்ளத்தான் அலைச்சல். காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்துப் பெயர் சொல்லும் தாவரவியல் அலுவலகத்தில் கேட்டேன், போனில் “கொண்டு வாங்க, பாக்கலாம்” என்றார்கள். பிளாஸ்டிக் பையில் போட்ட பூ வெயிலில் வெந்து பழுப்பாகிவிட்டது. மேசையில் இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. அழுத்திக் காயவைத்த மாதிரி வேண்டுமாம், கூடவே ஒரு கடிதமாம். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

மாதிரிக்கு மொட்டும் பூவும் உள்ள 30 செ.மீ. கிளை போதும், காய் இருந்தால் விடாதீர்கள். வெட்டிய முனையைச் சில நொடி வெந்நீரில் முக்கித் துடையுங்கள், இல்லாவிட்டால் பால் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளுக்கு நடுவே ஓர் இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்துப் பாரம் ஏற்றுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும், சோம்பல்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து தனியாக அழுத்துங்கள், குஞ்சம் அதில்தான் தெளிவாகத் தெரியும். காய்ந்தபின் நிறம், மணம், பால் எல்லாம் போய்விடும் என்பதால் அவற்றை இடம், தேதி, உயரத்தோடு அன்றே எழுதிவிடுங்கள்.

இப்படி அழுத்திக் கொண்டுபோன அடுத்த முறை சிக்கலில்லை, பெயர் கிடைத்தது. ரைட்டியா ஆன்டிடிசென்டெரிக்கா, இலங்கைக்கே உரிய செடி. குழப்பத்தின் வேரும் பிடிபட்டது. குடசப்பாலையைப் பழைய நூல்கள் பல ஹோலரீனா ஆன்டிடிசென்டெரிக்கா என்றே எழுதின, இன்று அதற்கு ஹோலரீனா புபெசென்ஸ் என்று பெயர். பெயரின் பின்பாதி ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே செடியாகிவிட்டன. சீதபேதிக்குச் சொல்லப்பட்ட பட்டையும் விதையும் குடசப்பாலையுடையவை. இந்த அழகுச் செடியின் பட்டையைச் சீவிக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.

நர்சரிக்காரரிடம் சொன்னேன். “மருந்துன்னு சொன்னாத்தாங்க போகுது” என்றார். பலகையை மாற்றவில்லை.

மாதிரி கொடுப்பதானால் இரண்டாக அழுத்தி, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதி, ஒன்றை வீட்டில் வையுங்கள். கொடுத்தது திரும்பி வராது.