கிணத்து இன்ஸ்பெக்டர்

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் போனை எடுக்கவே பயமாக இருக்கும். ஏப்ரல் 17 அன்று விவேக். மே 6 அன்று பாண்டு. இப்படி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த சில நாட்களிலேயே "நடிகர் நெல்லை சிவா காலமானார்" என்று ஒரு செய்தி வந்தது. யாருடா இது, கேள்விப்பட்ட மாதிரி இல்லையே என்று படத்தைத் திறந்து பார்த்தால், அட, நம்ம கிணத்து இன்ஸ்பெக்டர்!

'கண்ணும் கண்ணும்' படத்தில் வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் "என் கிணத்தைக் காணோம்" என்று புகார் கொடுப்பாரே, வெட்டின ரசீது கூட இருக்கிறது என்பாரே, அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர் அவர்தான். அந்தப் படத்தில் வேறு யார் நடித்தார்கள், கதை என்ன என்றெல்லாம் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கிணறு இருந்த இடம் என்று வடிவேலு காட்டுகிற அந்த வெறும் தரையைப் பார்த்ததும் அவர் முகம் போகிற போக்கு மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும்.

செய்தியைக் கடைசி வரை படித்தேன். சொந்த ஊருக்கு வந்திருந்தபோது மாரடைப்பாம். சொந்த ஊர் பணகுடிப் பக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் வள்ளியூர். நாகர்கோவிலுக்கு எந்த பஸ்ஸில் ஏறினாலும் பணகுடியைத் தாண்டித்தான் போக வேண்டும். சித்தி வீட்டுக்கு, காலேஜுக்கு, துணி எடுக்க என்று எத்தனை நூறு தடவை அந்த ஊரைத் தாண்டியிருப்பேன்! இந்த மனுஷன் நம்ம பக்கத்து ஊர்க்காரர் என்று ஒருத்தர் கூடச் சொன்னதில்லை. அவருடைய அந்த நெல்லைப் பேச்சைக் கேட்டு நமக்காவது தோன்றியிருக்க வேண்டும். அதுவும் தோன்றவில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் அப்பா சினிமா பார்த்துச் சிரிக்கிற ஆள் கிடையாது. கவுண்டமணி செந்திலை உதைத்தால் "அந்தப் பையன் பாவம்லா" என்பார். விவேக் பேசினால் "என்னல சொல்லுதான் இவன்?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் சிரித்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்து நான் பார்த்தது இந்தக் கிணத்துக் காமெடிக்கு மட்டும்தான். காரணம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கடன் வாங்கிக் கிணறு வெட்டிவிட்டு, மோட்டாருக்கு கரண்ட் வாங்க ஒரு ஆபீஸுக்கு மூன்று வருஷம் நடந்தவர் அவர். பேப்பர் பேப்பராகக் கொடுத்தார். ஒரு தடவை ஃபைலையே காணோம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபைல் காணாமல் போகும்போது கிணறு காணாமல் போனால் என்ன? அந்தக் காமெடி டிவியில் வந்தால் அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிடுவாள், "ஏங்க, உங்க கெணறு வந்துட்டு!"

அன்றைக்கு இறந்த செய்தியைச் சொன்னதும், "அவனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய வழக்கமான கேள்வி அது. யார் இறந்தாலும் அதைத்தான் கேட்பார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சின்ன வயசில் பார்த்துச் சிரித்த முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். பெயர் தெரிந்தால்தானே தேட முடியும், அதனால் வசனத்தைப் போட்டுத் தேடினேன். 'தவசி' படத்தில் வடிவேலுவிடம் வந்து ஒசாமா பின்லேடன் அட்ரஸ் கேட்பாரே ஒருத்தர், அவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி. தயாரிப்பு நிர்வாகியாகவும் வேலை பார்த்தவர். 2019 அக்டோபரில் குமுளியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாரடைப்பு. அல்வா வாசு, இயக்குநர் மணிவண்ணனிடம் உதவி இயக்குநராக இருந்தவர், கல்லீரல் கெட்டு 2017 இல் மதுரையில் போய்விட்டார். கண்ணும் சிரிப்பும்தான் குமரிமுத்து. பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் மேடையில் அரசியல் பேசக்கூடியவர். அவர் இறந்தது 2016 பிப்ரவரி 29. நினைவு நாள் கூட நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதையும் ஒரு காமெடியாகவே செய்துவிட்டுப் போன மாதிரி எனக்குத் தோன்றும். ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரே, ஓமக்குச்சி நரசிம்மன், அவர் எல்ஐசியில் வேலை பார்த்தவராம். 2009 இல் இறந்தார். எல்ஐசி ஏஜெண்ட் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இப்போது எனக்கு அவர் ஞாபகம்தான்.

பெரிய ஆட்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கவுண்டமணி 85ஐத் தாண்டிவிட்டார். பேட்டி கொடுக்க மாட்டார், விழாக்களுக்கு லேசில் வர மாட்டார், ஆனால் 2025 இல் கூட 'ஒத்த ஓட்டு முத்தையா' என்று கதாநாயகனாக வந்து நின்றார். (படம் எப்படி என்று கேட்காதீர்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கப் போனேன், பார்த்தேன், வந்துவிட்டேன்.) செந்தில் அதிமுக, அமமுக என்று சுற்றி 2021 இல் பாஜகவில் சேர்ந்தார். ஜனகராஜை வெகுகாலம் காணவில்லை, '96' படத்தில் பள்ளிக்கூட வாட்ச்மேனாக வந்தபோது தியேட்டரில் ஒரு சத்தம் எழுந்ததே, ஹீரோவுக்குக் கூட அப்படி எழவில்லை. விவேக் பெயரில் விருகம்பாக்கத்தில் ஒரு சாலையே இருக்கிறது. வடிவேலு கதை ஊருக்கே தெரிந்த கதை. 2011 தேர்தல் பிரச்சாரம், அதற்குப் பிறகு வறட்சி, புலிகேசி இரண்டாம் பாகத் தகராறு, நடிக்கவே தடை போட்ட ரெட் கார்டு, 2021 இல் அது நீங்கியது, 2023 இல் 'மாமன்னன்'. அதில் அவர் சிரிக்க வைக்கவே இல்லை, நான் அசந்து போனேன்.

ஆனால் அந்த வறட்சி வடிவேலுவுக்கு மட்டும் வந்ததில்லை. யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு காமெடி செய்தால் கூட குறைந்தது நாலைந்து பேர் வேண்டும். அடிக்க ஒருத்தர், அடி வாங்குவதைப் பார்த்து முழிக்க ஒருத்தர், நடுவில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக ஒருத்தர். போண்டா மணி, முத்துக்காளை, வெங்கல் ராவ், அல்வா வாசு, கிருஷ்ணமூர்த்தி எல்லாம் அந்த வரிசைதான். வடிவேலு வீட்டில் உட்கார்ந்தால் இவர்களும் வீட்டில் உட்கார வேண்டும். அவருக்கு உட்கார்ந்து சாப்பிட இருந்தது, இவர்களுக்கு இல்லை. பத்தாததற்கு, படத்துக்கு நடுவில் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடுகிற காமெடி ட்ராக்கும் அதே காலத்தில் வழக்கொழிந்து போனது. ஹீரோவே காமெடி பண்ண ஆரம்பித்துவிட்டார், நண்பனாக ஒருத்தர் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

சம்பளமும் அன்றைக்கு நடித்த கூலிதான். ஆதித்யா டிவியில், சிரிப்பொலியில் அந்தக் காட்சி ஆயிரம் தடவை ஓடியிருக்கும், யூடியூபில் கோடிக்கணக்கில் பார்த்திருப்போம். அதில் முகம் காட்டியவர் கைக்கு அதில் இருந்து எதுவும் போகாது. எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது. டிவியில் இத்தனை தடவை வருகிறாரே, வசதியாகத்தான் இருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போண்டா மணியை எடுத்துக்கொள்ளுங்கள். "அடிச்சுக்கூடக் கேப்பாங்க, அப்பவும் சொல்லிராதீங்க" என்று வடிவேலுவிடம் கெஞ்சுவாரே, அவர்தான். இயற்பெயர் கேதீஸ்வரன், பிறந்தது இலங்கையில் மன்னார்ப் பக்கம். கடல் தாண்டி வந்து, சென்னையில் அலைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் தலைகாட்டியவர். 2022 செப்டம்பரில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கூட நடித்த பெஞ்சமின் அழுதுகொண்டே உதவி கேட்டு வீடியோ போட்டார். விஜய் சேதுபதி ஒரு லட்சம் கொடுத்தார். அந்த நேரத்தில் உதவி செய்கிறேன் என்று கூட ஒட்டிக்கொண்ட ஒருவன், மருந்து வாங்கக் கொடுத்த ஏடிஎம் கார்டை வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் சுருட்டிவிட்டான். போலீஸ் பிறகு பிடித்துவிட்டது, அது வேறு விஷயம். இதையே படத்தில் வைத்திருந்தால் நாம் சிரித்திருப்போம், ஏமாறுகிறவராக அவரே நடித்தும் இருப்பார். 2023 டிசம்பர் 23 அன்று பொழிச்சலூர் வீட்டில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெங்கல் ராவ் ஆந்திராக்காரர், ஸ்டண்ட் நடிகராக வந்தவர். தலையில் வைத்த கையை எடுக்கக்கூடாது என்று வடிவேலுவைப் பாடாய்ப் படுத்துவார். 2024 இல் அவரும் ஒரு வீடியோ போட்டார், கை கால் விழுந்துவிட்டது, உதவி செய்யுங்கள் என்று. சிம்பு இரண்டு லட்சம், வடிவேலு ஒரு லட்சம் என்று கொடுத்தார்கள். நானும் என்னால் ஆனதை அனுப்பினேன், பெரிய தொகை இல்லை. இந்த வீடியோக்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு ஞாபகம் வரட்டும் என்று, கேட்கும்போதே அந்தப் பழைய வசனத்தையும் சிலர் சொல்லிக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பார்க்க முடியாது, வீடியோவை நிறுத்திவிடுவேன்.

எல்லாக் கதையும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள், முத்துக்காளை இருக்கிறார். "செத்துச் செத்து விளையாடுவோமா?" என்று கேட்டு வடிவேலுவை அலற வைத்தவர். ராஜபாளையத்துக்காரர், அவரும் ஸ்டண்ட் ஆள்தான். ஒரு காலத்தில் மோசமான குடி. அதை அவரே ஒளிக்காமல் மேடையில் சொல்கிறார். குடியை விட்டார், விட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்து, ஒன்று இல்லை, மூன்று பட்டம் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டில் எம்.ஏ.வைப் பாதியில் விட்டவன் ஒருத்தன் இருக்கிறான். நான்தான். அப்பாவுக்கு இந்தச் செய்தி எப்படியோ தெரிந்து, ஒரு வாரம் "அந்தச் செத்துச் செத்து வெளையாடுதவன் கூடப் படிச்சிட்டாம்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்னத்த கண்ணையாவும் இந்த வரிசையில் ஒரு விசேஷம். 1967 இல் 'நான்' படத்தில் எதற்கெடுத்தாலும் "என்னத்த..." என்று அலுத்துக்கொண்டு பெயர் வாங்கியவர். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து, வயதான காலத்தில், வடிவேலுவோடு சேர்ந்து "வரும், ஆனா வராது" என்று ஒரே வசனத்தில் இன்னொரு தலைமுறையைப் பிடித்துவிட்டார். 2012 இல் இறந்தார்.

போன மாதம் மச்சானுக்கு ஒரு அவசரம் என்று கைமாத்தாகக் கொடுத்த பணத்தை, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரியே கேட்டுவிட்டேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. அப்புறம் ஒரு ஸ்டிக்கர் வந்தது. கண்ணையாவின் முகம், கீழே அதே வசனம். பதினேழு பேர் சிரித்துவைத்தார்கள். என் அக்கா மகள் மட்டும் தனியாக எனக்கு அனுப்பினாள், "மாமா, இந்தத் தாத்தா யாரு?"

பெயரைச் சொன்னேன். பணம் இன்னும் வரவில்லை.